"உடன் இருந்தாலோ" என்ற இரண்டு வார்த்தை: புதுச்சேரி, கடலூர் கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் நாலு வருஷம் படித்து, அதில் பெரும்பகுதி விடுதியில் தங்கியிருந்தவன். இந்த வருஷம் என் தம்பி முதலாம் ஆண்டு சேருகிறான். போன வாரம் அவனுடைய சேர்க்கைத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது விடுதி விதிகள் என்று ஒரு தாள் வந்தது, மாணவனும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டிய தாள். மது அருந்தினாலோ, அருந்தியவருடன் உடன் இருந்தாலோ விடுதியிலிருந்து உடனடியாக நீக்கப்படுவார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நான் சேர்ந்தபோது என் அப்பா கையெழுத்துப் போட்ட தாளிலும் இதே வரி இருந்தது. வேறு கல்லூரி, வேறு நிர்வாகம், ஆனால் வரி மட்டும் மாறவில்லை. அந்த "உடன் இருந்தாலோ" பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு டிசம்பர் மாதம், இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்குப் பிறந்தநாள். மொட்டை மாடியில் ஏழு பேர் உட்கார்ந்தோம். ஒரு ஆஃப் பாட்டிலை மிக்சிங் இல்லாமல் ராவாக முடிக்க முடியுமா என்று யாரோ பந்தயம் கட்ட, பிறந்தநாள் பையன் இருபது நிமிஷத்துக்குள் முடித்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். பத்தரை மணிக்கெல்லாம் அவன் மட்டை. தூக்கிவந்து கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு மணிக்கு அவன் மூச்சுச் சத்தம் மாறியது. குறட்டை மாதிரி இழுத்து இழுத்து வருகிறது, நின்றுபோகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருகிறது. கூப்பிட்டால் அசைவில்லை. நாங்கள் ஆறு பேரும் வராந்தாவில் நின்றுகொண்டு வாதம் பண்ணிக்கொண்டிருந்தோம், வார்டனை எழுப்புவதா வேண்டாமா என்று. ஒருத்தனுக்கு உதவித்தொகை போய்விடும், ஒருத்தனுக்கு ஏற்கெனவே ஒரு மன்னிப்புக் கடிதம் கோப்பில் கிடக்கிறது, ஒருத்தனுடைய அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுவிடும். எல்லோருக்கும் அந்த விதித்தாள் மனப்பாடமாகத் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது. உள்ளே ஒருத்தன் செத்துக்கொண்டிருந்திருக்கலாம், நாங்கள் வெளியே எங்கள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

எங்களில் பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான், அவனும் இரண்டாம் ஆண்டுதான். அன்றைக்கு அவன் ஒரு சொட்டு குடிக்கவில்லை, கேக் வெட்ட வந்தவன். அவன்தான் வாதத்தை விட்டுவிட்டு உள்ளே போனான். "எங்கப்பா இப்படிப் படுத்தா அம்மா புரட்டிவிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தவனை ஒருக்களித்துத் திருப்பினான், திருப்பின நிமிஷமே வாயிலிருந்து வாந்தி கொட்டியது. மல்லாந்தே கிடந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கப்புறமும் 108-ஐக் கூப்பிட எங்களுக்குத் தைரியம் வரவில்லை, ஆம்புலன்ஸ் வந்தால் வாசல் கதவைத் திறக்க வேண்டும், வார்டன் எழுந்துவிடுவார். நினைவில்லாத ஒருவனை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து, கால் தரையில் இழுபட இழுபடக் கொண்டுபோனோம். மருத்துவமனையில் "எத்தனை மணிக்குக் குடிச்சான், எவ்வளவு குடிச்சான்?" என்று கேட்டார்கள். அங்கேயும் பொய்தான் சொன்னோம், இரண்டு பீர் என்று.

அவன் பிழைத்துக்கொண்டான், இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். விசாரணை நடந்தது, ஆறு பேரையும் விடுதியிலிருந்து நீக்கினார்கள். கைதட்டின என்னை நீக்கியது நியாயம். அடுத்த கல்வியாண்டில் அப்பா வந்து எழுதிக் கொடுத்த பிறகு என்னைத் திரும்பச் சேர்த்தார்கள், அந்தப் பண்ருட்டிப் பையனுக்குத் திரும்ப வர மனசில்லை. குடிக்காத, அவனைப் புரட்டிப்போட்டுக் காப்பாற்றிய பையன் படிப்பு முடியும்வரை விடியற்காலை பஸ் பிடித்து வந்து போனான், "உடன் இருந்தாலோ" என்ற வரிக்காக. அவனைப் பார்த்து மொத்த விடுதியும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. எவனாவது விழுந்தால் முதலில் அந்த அறையை விட்டு வெளியே போய்விடு. நீங்கள் இதைச் சொல்லிக்கொடுக்க நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் எங்களுக்குப் போய்ச் சேர்ந்த பாடம் அதுதான்.

பிற்பாடு உட்கார்ந்து போட்ட கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், இது எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் எங்களுக்குச் சொல்லப்படாதது. விஸ்கி, பிராந்தி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 180 மில்லி குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஒரு அளவு என்று வைத்தால் ஒரு குவாட்டர் ஆறு அளவு, அதில் பாதியான ஒரு கட்டிங் மூன்று அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நாலு அளவு. நம் உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு அளவைத்தான் கரைக்கும், மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் கறுப்புக் காப்பி கொடுத்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. அன்றைக்கு அவன் இருபது நிமிஷத்தில் முடித்த 375 மில்லி பன்னிரண்டு அளவுக்கு மேல். ஒரு ராத்திரி முழுக்கக் கரைய வேண்டியது மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போயிருக்கிறது. கடைசி மடக்கைக் குடித்து முடித்த பிறகும் வயிற்றில் கிடப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பத்தரைக்கு வெறும் தூக்கமாகத் தெரிந்தது பன்னிரண்டுக்கு மூச்சு நிற்கும் நிலைக்கு வந்தது. படுக்க வைத்தால் தெளிந்துவிடும் என்று நம்பி நாங்கள் விட்ட ஒன்றரை மணி நேரம்தான் அந்த ராத்திரியில் மோசமான நேரம்.

நம் ஊர் அமைப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, புதுச்சேரியில் 18. கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுச்சேரி எல்லையான முள்ளோடை, அப்புறம் கன்னியக்கோயில். முதலாம் ஆண்டுப் பையன் வண்டியில் அரை மணி நேரத்தில் சட்டப்படி குடிக்கும் வயசு வந்தவன் ஆகிவிடுகிறான். போவது கவலையில்லை, திரும்பி வருவதுதான். ஒரு பைக்கில் மூன்று பேர், லாரிகள் ஓடும் சாலை, ராத்திரி பதினோரு மணி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஓட்டக் கூடாது, முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று சட்டம் சொல்வதைப் பசங்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்பட்டும் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் காலையில் கேள்வி வரும்.

சரி, அடுத்த வருஷம் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மாடியில் இருந்தவர்களில் நாலு பேர் சேர்ந்தோம். குழு, பதவி, பேனர் எதுவும் இல்லை. முதலில் செய்தது சாவி வாங்குவது. எங்கேயாவது ட்ரீட் என்று தெரிந்தால் எங்களில் ஒருத்தன் குடிக்காமல் கூடப் போவான், கிளம்புவதற்கு முன்னாலேயே எல்லா வண்டிச் சாவியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். முதல் மாதம் கிண்டல் செய்தார்கள், அப்புறம் அவர்களே வந்து "அண்ணா, நாளைக்கு யார் வர்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்களுக்குச் சாவிக்காரங்க என்று பெயரே வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பந்தயம் கூடாது, ராவாகக் கூடாது, விழுந்தவனைத் தனியாக விடக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எழுப்பி எழவில்லை என்றாலோ மூச்சு பத்து விநாடி நின்று நின்று வந்தாலோ உடம்பு சில்லிட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ யாரையும் கேட்காமல் 108. இவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மறுநாள் காலையில் நடந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு மெஸ்ஸில் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து புத்தி சொல்லாமல் கேள்வி கேட்போம். "நேத்து எதுவரைக்கும் நல்லா இருந்தது, எப்போ கெட்டுப்போச்சு?" அவ்வளவுதான். பெரும்பாலும் அவனே சொல்லிவிடுவான், மூன்றாவது கட்டிங் வரைக்கும் ஜாலியாக இருந்தது, அப்புறம் வாந்தி, அப்புறம் யாருக்கோ போன் பண்ணி அழுதது, செருப்பு தொலைந்தது. அடுத்த தடவை மூன்றுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன என்று அவனே யோசிப்பான். சிலர் மொத்தமாகவே விட்டார்கள். நாங்கள் கேட்காமலேயே விட்டார்கள்.

இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, படித்தவர்கள் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. புதிதாகச் சேர்ந்த மாணவர்களோடு ஒரு தடவை உட்கார்ந்து அவர்கள் குடிப்பதைப் பற்றிப் பேச வேண்டும், சிலரிடம் தொழில்முறை ஆலோசகர்கள் பேசினார்கள், சிலரிடம் பயிற்சி எடுத்த மாணவர்களே பேசினார்கள். மாணவர்கள் பேசிய இடத்தில் பலன் குறைந்துபோகவில்லை. எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் பெரியப்பா இருபது வருஷம் குடித்தவர், எத்தனையோ பேர் சொல்லிக் கேட்காதவர், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்தில் தன்னைப் போலவே குடித்து நின்ற ஒரு லாரி டிரைவர் பேசியதைக் கேட்டுத்தான் நிறுத்தினார். ஒரு குடிகாரன் பேசினால் இன்னொரு குடிகாரன் கேட்பான் என்பதை வைத்து 1935-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் ஆரம்பித்தது அது. பத்தொன்பது வயசுப் பையனுக்கும் அதே மாதிரிதான், பக்கத்துக் கட்டில்காரன் சொன்னால் காது கொடுப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. முதலாம் ஆண்டு வரும் பையன் விடுதியில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு வருகிறான், அந்த நம்பிக்கையிலேயே கிளாஸைக் கையில் எடுக்கிறான். நாங்கள் ஒரு தடவை பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடச் சொன்னோம், போன மாதம் குடித்தாயா, உன் மாடியில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய். குடித்தேன் என்று எழுதியவர்களை எண்ணினால் குறைவு, அடுத்தவன் குடிக்கிறான் என்று எழுதியதைப் பார்த்தால் கிட்டத்தட்ட மொத்த மாடியும். அதை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். குடிக்காத பையன்கள் அதன் முன்னால் நின்று திரும்பத் திரும்பப் படித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, தான் தனியாள் இல்லை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இதே விஷயத்தைப் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்று இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1986-லேயே ஒரு கல்லூரியில் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும், எய்ம்ஸ் எடுத்து மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 சதவீதம்தான், அதாவது நாலு ஆண்களில் கிட்டத்தட்ட மூன்று பேர் குடிப்பதில்லை. ஆண்டுதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று வெயிலில் நிறுத்தி உறுதிமொழி வாசிக்க வைக்கிறீர்களே, அன்றைக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு நிழலுக்கு அனுப்பலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது, ஆடிட் என்பார்கள். மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கும் விதம் ஆபத்தானது என்று அர்த்தம், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பசங்களே தங்களுக்குள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எங்கள் விடுதியில் ஒருவனுக்கு இருபதைத் தாண்டியது. அவனைச் சாவிக்காரர்கள் சரிசெய்ய முடியாது, அது எங்கள் வேலையும் இல்லை. கூட்டிக்கொண்டு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனோம், சீட்டு வாங்க வரிசையில் அவனோடு நின்றோம். அந்த வரிசையில் கூட நிற்பது மட்டும் எங்கள் வேலை. மாணவர்களை வைத்து இதைச் செய்யச் சொல்லும்போது இந்த எல்லைக்கோட்டை நீங்கள்தான் தெளிவாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இருபது வயசுப் பையன் தலையில் மருத்துவர் வேலையும் காவலர் வேலையும் வந்து விழும். 14446, 14416 இரண்டும் இலவச எண்கள், முதலாவது போதைப் பழக்கத்துக்கு, இரண்டாவது மனநலத்துக்கு. மெஸ் சுவரில் எழுதிப்போட ஒரு டப்பா பெயின்ட் போதும்.

பெண்கள் விடுதியைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகள் சொல்லித் தெரியும், அங்கே பயம் இரண்டு மடங்கு. ஒரே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் ஆல்கஹால் ஆணைவிட அதிகமாக ஏறும், விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் பேசுவதும் அதிகம். அதனால் அங்கே கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படுகிறது. அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்றால் அதை அங்கே இருக்கும் பெண்கள்தான் செய்ய முடியும்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம் 2002-இல் ஒரு விதி கொண்டுவந்தது. குடித்து மோசமாகிக் கிடப்பவனுக்காக உதவி கேட்டு அழைப்பவன் மீதும், காப்பாற்றப்பட்டவன் மீதும் அந்த நிகழ்வுக்காகக் கல்லூரி நடவடிக்கை எடுக்காது, காப்பாற்றப்பட்டவன் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அங்கே ஆம்புலன்ஸுக்கு வந்த அழைப்புகள் கூடின, மாணவர்கள் குடிப்பது கூடவில்லை. பயம் கொஞ்சம் குறைந்தது, பையன்கள் போனை எடுத்தார்கள். நம் நாட்டிலேயே சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை போகிறவருக்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தெருவில் முகம் தெரியாத ஒருவரைத் தூக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனைத் தூக்கினால் கிடைக்கவில்லை.

இப்படி விட்டால் குடிக்கத் துணிச்சல் வந்துவிடும் என்பீர்கள். எங்கள் வார்டனும் அதையேதான் சொன்னார், நல்ல மனுஷர், எங்களைவிட அன்றைக்கு அவர்தான் அதிகம் அழுதார். நான் கேட்பது குடிக்க அனுமதி இல்லை. விடுதிக்குள் பாட்டில் கொண்டுவந்தவனுக்கு, ஜூனியரைக் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவனுக்கு, அடித்துக்கொண்டவனுக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்கு என்ன தண்டனையோ அது இருக்கட்டும். ஜூனியரைக் கட்டாயப்படுத்துவது ராகிங், அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, கடுமையாகவே நடத்துங்கள். ஒன்றைமட்டும் எடுத்துவிடுங்கள். கூட இருந்ததைக் குற்றம் ஆக்காதீர்கள். அந்த இடத்தில் இந்த வரியைப் போடுங்கள்: "குடித்து நினைவிழந்தவரை விட்டுப் போகாமல் உதவி கேட்டு அழைக்கும் மாணவர் மீது, அவர் குடித்திருந்தாலும், அந்த நிகழ்வுக்காக நடவடிக்கை எடுக்கப்படாது." ராத்திரி எந்நேரத்திலும் எடுக்கும் ஒரு போன் எண்ணை அதன் கீழே போடுங்கள். முதல் வாரத்தில் சேர்க்கைக் கூட்டத்தில் இதை நீங்களே, முதல்வரே, மேடையில் சொல்லுங்கள், சீனியர்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். மற்றதை, சாவி வாங்குவதையும் காலையில் மெஸ்ஸில் பேசுவதையும், பையன்களும் பெண்களும் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள், இரண்டு நாள் பயிற்சிக்கு மட்டும் ஒரு மருத்துவரை அழைத்துக் கொடுங்கள்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். நாலு பேரில் மூன்று பேர் இன்னும் கடலூர், புதுச்சேரியில்தான் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை என்றால் எந்தக் கல்லூரிக்கும் வரலாம், பணம் எதுவும் வேண்டாம். பண்ருட்டிப் பையனிடமும் பேசினேன், அவனுக்கு அந்த விடுதி வாசலை மறுபடி மிதிக்க மனசு வருமா என்று தயங்கித்தான் கேட்டேன், "பசங்களை எப்படி ஒருக்களிச்சுப் போடணும்னு காட்டணும்ல, வரேண்ணா" என்றான்.

தம்பியின் விதித்தாள் என் மேஜையில்தான் இருக்கிறது. அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை, திங்கட்கிழமை கடைசித் தேதி.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் விடுதி மாணவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்